பனிக்கட்டி மேல் உட்கார ஒரு கோட்டு

தம்பி,

கோட்டு வாங்கியாகிவிட்டது. நலம் விசாரிப்பதெல்லாம் அப்புறம். அது இப்போது எதிரே நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறது. இந்த இரண்டு வரியை எழுதுவதற்குள் எழுந்துபோய் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தேன். நல்ல ஆரஞ்சு நிறம். உன் அப்பா அதைப் பார்த்துவிட்டு, "ரோட்டுல தார் போடுறவங்க மாதிரி இருக்கு" என்றார். இருக்கட்டும். பனி மூடி வெள்ளை வெளேரென்று கிடக்கிற உங்கள் ஊர் ஏரியில் அம்மா எங்கே என்று யாரும் தேடவேண்டி வராது. தொடை வரைக்கும் நீளம், தலைக்கு மூடி, ஜிப்புக்கு மேலே காற்றுப் புகாமல் இன்னொரு மடிப்பு. அதோடு, சிரிக்காதே, நெஞ்சு வரைக்கும் ஏறி வருகிற, தோளில் பட்டி மாட்டுகிற காற்சட்டை ஒன்றும் வாங்கியிருக்கிறேன். உன் அம்மா இந்த வயதில் முதல்முதலாகக் காற்சட்டை போட்டாள். கதவைச் சாத்திக்கொண்டுதான் போட்டேன், ஆனால் ஜன்னலைச் சாத்த மறந்துவிட்டேன். இப்போது லயத்து வரிசை வீடுகளில் எல்லாருக்கும் தெரியும்.

இதையெல்லாம் போனில் சொல்லியிருக்கலாம். சொன்னால் நீ "சரிம்மா, சரிம்மா" என்று பாதியிலேயே முடித்துவிடுவாய். கடிதத்தை அப்படி முடிக்கமுடியாது. அதனால் நிதானமாக உட்கார்ந்து படி. இதில் நான் கோட்டுத் தேடிய கதையும் இருக்கிறது, உன்னிடம் கேட்கவேண்டிய ஒரு கேள்வியும் இருக்கிறது.

விசா கிடைத்த செய்தியைச் சொல்ல நாங்கள் கூப்பிட்டோமே, அன்றைக்குத்தான் எல்லாம் ஆரம்பித்தது. நீ சந்தோஷப்பட்டாய், நாங்களும் சந்தோஷப்பட்டோம். உன் தை மாதக் கலியாணத்துக்கு என்னென்ன கொண்டுவரவேண்டும் என்று பேசிக்கொண்டிருக்கும்போது இடையில் ஒரு பேச்சுச் சொன்னாய். "அம்மா, கலியாணத்துக்கு முந்தின நாள் ஹானா வீட்டுல எல்லாரும் ஏரிக்குப் போவாங்க. ஐஸ்ல ஓட்டை போட்டு மீன் பிடிக்கிறது அவங்க வழக்கம். நீங்களும் அப்பாவும் வீட்டுல ஹீட்டர போட்டுட்டு இருங்க. அந்தக் குளிரு உங்களுக்கு ஒத்துக்காது." நான் சரி என்றேன். சரி என்று சொன்னது வாய்தான். போனை வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனேன், ரொட்டிக்கு மாவு பிசைந்தேன். அன்றைக்கு ரொட்டி கல் மாதிரி இருந்தது. அப்பாதான் கேட்டார், "யார் மேல இருக்க கோவத்த மாவுல காட்டுற?" என்று.

எனக்கு மருமகளாக வரப்போகிற ஹானா அந்த வழக்கத்தைப் பற்றி முன்பே எனக்குச் சொல்லியிருக்கிறாள், அப்பாதான் தமிழில் விளக்கினார். அவளுடைய அக்காவின் கலியாணத்துக்கு முந்தின நாளும் அப்படித்தானாம். மாப்பிள்ளை வீட்டுக்காரர்களும் அவர்களும் ஏரியின் மேல் வட்டமாக உட்கார்ந்து, சூடாக சூப்புக் குடித்துக்கொண்டு, ஆளுக்கொரு ஓட்டையில் தூண்டில் போட்டார்களாம். புதிதாக வந்து சேருகிற குடும்பம் பிடிக்கிற மீனைத்தான் அன்றைக்குச் சாப்பாட்டில் முதலில் பொரிப்பார்களாம். இதைக் கேட்டபோதே எனக்குப் புரிந்துவிட்டது. உனக்குத்தான் புரியவில்லை. இது மீன் பிடிக்கப் போவது இல்லை தம்பி, இது அவர்களுடைய பரிசம்.

நம் பக்கத்தில் பரிசம் போடும்போது என்ன செய்கிறோம்? இரண்டு வீட்டாரும் ஒரே பாயில் உட்காருகிறோம். உன் அத்தையின் பரிசத்தில் மாப்பிள்ளையின் தாய் முழங்கால் வலி என்று சொல்லி நாற்காலியில் உட்கார்ந்தார். வலி உண்மைதான், பொய் இல்லை. ஆனாலும் அந்த அம்மாவுக்கு "பாயில உக்காராத சம்பந்தி" என்று பேர் விழுந்துவிட்டது. உன் அத்தைக்குப் பிள்ளை பிறந்து, அந்தப் பிள்ளைக்குக் கலியாணமாகியும் அந்தப் பேர் போகவில்லை. அந்த அம்மா எத்தனை தடவை எங்கள் வீட்டுக்கு வந்து தரையில் உட்கார்ந்து காட்டியும் பிரயோசனமில்லை. ஹீட்டர் பக்கத்தில் கண்ணாடி வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்த சம்பந்தி என்ற பேர் எனக்கு வேண்டாம். அவர்களுடைய பாய் பனிக்கட்டி என்றால் நான் பனிக்கட்டியில் உட்காருகிறேன். அதற்கு ஏற்ற உடுப்பு எது என்று கண்டுபிடிப்பது மட்டும்தான் என் வேலை என்று அன்றைக்கே முடிவு செய்தேன். முடிவு செய்ததும் கோபமெல்லாம் போய் ஒரே உற்சாகமாகிவிட்டது.

குளிரைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது என்று நினைக்காதே. இத்தனை வருஷம் மலையில் தேயிலைக் கொழுந்து பறித்தவள் நான். இடுப்பில் தார்ப்பாய்ப் படங்கைச் சுற்றிக் கட்டிக்கொண்டு மழையில் நின்றால், வெளித்தண்ணீர் உள்ளே வராது. ஆனால் உள்ளே இருக்கிற வேர்வையும் வெளியே போகாது. மத்தியானம் படங்கை அவிழ்த்தால் சேலை பிழிகிற மாதிரி இருக்கும். கை ஓடிக்கொண்டே இருக்கிற வரைக்கும் அது உறைக்காது. பறித்த கொழுந்தை நிறுவைக்குக் கொடுக்க வரிசையில் சும்மா நிற்கும்போதுதான் பல் கிட்டும். மீன் பிடிக்கிறவன் நாள் முழுக்க அந்த நிறுவை வரிசையில் நிற்கிறவன் மாதிரி. அசையாமல் உட்கார்ந்திருக்கவேண்டும். ஆகவே தண்ணீர் உள்ளே வராமல் இருந்தால் மட்டும் போதாது, வேர்வை வெளியேயும் போகவேண்டும். இதைத்தான் நான் முதலில் மனதில் எழுதிவைத்துக்கொண்டேன்.

இரண்டாவது பாடம் நீ சொல்லிக்கொடுத்தது. சிவனொளிபாத மலைக்குப் போனோமே, உனக்கு ஞாபகம் இருக்கும். நீ எட்டாம் வகுப்பு. புதுப் பருத்திப் பனியன், அதற்கு மேல் சுவெட்டர், அதற்கு மேல் இன்னொரு சுவெட்டர் என்று உன்னை மூட்டை கட்டிக் கூட்டிப்போனோம். படியில் நீ ஆட்டுக்குட்டி மாதிரி ஓடினாய். உச்சியில் சூரியன் வருகிற வரைக்கும் உட்கார்ந்திருந்தபோது உனக்கு உதடு நீலம் பாய்ந்துவிட்டது. நாங்கள் என்ன செய்தோம்? அப்பாவின் சுவெட்டரையும் கழற்றி உனக்கு மேலே போட்டோம். நடுக்கம் கூடியதே தவிரக் குறையவில்லை. பக்கத்தில் இருந்த சிங்கள அம்மா ஒருவர், "புத்தாட்ட சீத்தலய் நேத" என்று கேட்டுக்கொண்டே, பிள்ளைக்குக் குளிருகிறதா என்று உன் முதுகுக்குள் கையை விட்டுப் பார்த்தார். "தெமிலா" என்றார், நனைந்திருக்கிறது என்று. எங்களைக் கேட்காமலே எல்லாவற்றையும் உருவி, அந்த ஈரப் பனியனை எடுத்து எறிந்துவிட்டு, தன்னுடைய காய்ந்த கம்பளிச் சால்வையை உன் வெறும் உடம்பில் சுற்றினார். கொஞ்ச நேரத்தில் நீ பிஸ்கட் கேட்டாய். மேலே எத்தனை போட்டாலும் தோலோடு ஒட்டியிருக்கிறது ஈரமாக இருந்தால் அத்தனையும் வீண். ஆகவே உள்ளுக்குப் பருத்தி கிடையாது. கம்பளிதான், இல்லாவிட்டால் விளையாட்டுக்காரர்கள் போடுகிற சட்டென்று காய்கிற துணி. நீயும் அப்படித்தான் போடவேண்டும்.

இந்த இரண்டு பாடத்தையும் வைத்துக்கொண்டு நுவரெலியாவுக்குப் பஸ் ஏறினோம். குளிர் உடுப்பு விற்கிற அந்தக் கடைத்தெரு உனக்குத் தெரியுமே, வெளிநாட்டுக்குத் தைத்து மிஞ்சினதெல்லாம் வந்து குவிகிற இடம். நடந்து நடந்து கடைசியில் மேல்மாடி வைத்த கடை ஒன்றுக்குள் போனேன். படி இருந்ததால்தான் அந்தக் கடை. ஒவ்வொரு கோட்டையும் போட்டுக்கொண்டு படியில் ஏறி இறங்கினேன். ரப்பர் பூசின ஒன்று பார்க்க அழகாக இருந்தது. இரண்டு தரம் ஏறி இறங்கியதும் உள்ளே படங்கு கட்டின மாதிரி ஆகிவிட்டது. அதை ஒதுக்கினேன். கடைப் பையன் அப்பாவிடம் மெதுவாகக் கேட்டான், "ஐயா, அம்மா எங்க போறாங்க?" என்று. அப்பா, "மீன் பிடிக்க" என்றார். "நம்ம ஏரிக்கா?" "இல்ல தம்பி, கொஞ்சம் தள்ளி."

பிறகு அந்தப் பையன் இன்னொன்றைக் கொண்டுவந்து, "இதுக்குள்ள தண்ணி போகவே போகாது அம்மா, நம்பி வாங்குங்க" என்றான். "அப்ப ஊத்திப் பாக்கவா?" என்று கேட்டேன். வேடிக்கைக்குச் சொல்கிறேன் என்று நினைத்துச் சிரித்தான். நான் போத்தலைத் திறந்து தோள்பட்டையில் ஊற்றினேன். தண்ணீர் சேம்பு இலையில் ஓடுகிற மாதிரி ஓடியது. நல்லதுதான் என்று பார்த்தால், கொஞ்ச நேரத்தில் தையல் வழியாக உள்ளே சொட்டியது. துணி நல்ல துணி, ஊசி போன ஓட்டைதான் சதி செய்தது. அப்புறம்தான் கோட்டுகளை உள்பக்கம் திருப்பிப் பார்க்க ஆரம்பித்தேன். தையலுக்கு மேலே பட்டையாக நாடா ஒட்டியிருக்கிறதை மட்டும் எடுத்துவைத்தேன். ஊற்றினால் அதில் உள்ளே ஒரு பொட்டு ஈரம் இல்லை. "அம்மா, கடைய நனைக்கிறீங்க" என்றான் பையன். அப்பா இதற்குள் வெளியே போய், வேறு யாருடைய புருஷனோ மாதிரி ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

கடைசியாக, தேறினதையெல்லாம் ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டு கடைத்தரையில் குந்தினேன். நின்று பார்த்தால் எல்லாக் கோட்டும் சரியாகத்தான் இருக்கும். குந்தினால்தான் முதுகுப்பக்கம் மேலே ஏறி இடுப்பைக் காட்டிக்கொடுக்கும். ஏறாமல் இருந்தது இந்த ஆரஞ்சு ஒன்றுதான். எனக்கு ஒரு அளவு பெரியது. பெரியதாகத்தான் இருக்கவேண்டும், உள்ளே சுவெட்டருக்கு இடம் வேண்டும். இறுக்கிப் பிடித்தால் சூடு தங்காது. கலியாணத்துக்கும் இதையே சொல்லலாமோ என்று நினைத்தேன். ஆனால் கோட்டைப் பற்றி எழுதும்போது கோட்டைப் பற்றித்தான் எழுதவேண்டும், கலியாணத்தைப் பற்றி அங்கே வந்து நிறையச் சொல்வேன். விலையை மட்டும் கேட்காதே. காற்சட்டையையும் சேர்த்து வாங்கியதால் பையன் கொஞ்சம் குறைத்தான், அதோடு நான் இனி வரமாட்டேன் என்ற நிம்மதியும் அவனுக்கு இருந்திருக்கும்.

வாங்கினால் போதுமா, சோதித்துப் பார்க்கவேண்டாமா? நம் தலவாக்கலை டவுனில் ஐஸும் மீனும் ஒன்றாக இருக்கிற இடம் ஒன்றுதான். ராசிக் நானாவின் மீன் லொறி. லொறி வந்து நின்றதும் போய்க் கேட்டேன். நானா என்னை மேலும் கீழும் பார்த்தார். "தங்கச்சி, மீன் வாங்குறவங்க வெளிய நிப்பாங்க. உள்ள போறது மீன் மட்டுந்தான்" என்றார். விஷயத்தைச் சொன்னேன். சம்பந்தி, பரிசம், ஏரி எல்லாம் சொன்னேன். அவர் ஐஸ் பெட்டி ஒன்றைத் துடைத்துப் போட்டு, தரையிலும் நாலு வாளி ஐஸைக் கொட்டி, "ஏறுங்க" என்றார். தலைக்குக் குரங்குக் குல்லா, அதன் மேல் மஃப்ளரை இரண்டு சுற்று, அதன் மேல் கோட்டின் மூடி. காலுக்கு? காலுறை போட்டு, வழக்கமான ரப்பர் செருப்பு.

இது நம் மலைநாட்டார் செய்கிற பிழை தம்பி. குளிர் காது வழியாகத்தான் உள்ளே போகிறது என்று நாம் எல்லாரும் நம்புகிறோம். நம் ஊர்ப் பஸ்ஸில் பார், காதை மூடாத ஆள் ஒருவர் இருக்கமாட்டார், காலுக்குச் சப்பாத்துப் போட்டவரைத் தேடவேண்டும். கதவைச் சாத்தினதும் கோட்டு பிரமாதமாக இருந்தது. உடம்புக்கு ஒன்றுமே தெரியவில்லை. காது வேர்த்தது என்றால் பார்த்துக்கொள். ஆனால் ஐஸிலிருந்து குளிர் செருப்பு வழியாக ஏறி, முதலில் விரல் எரிந்தது, பிறகு விரல் இருப்பதே தெரியவில்லை. கதவைத் தட்டினேன். அப்பாவும் நானாவும் இரண்டு பக்கமும் பிடித்து மீன் பெட்டியை இறக்குகிற மாதிரி என்னை இறக்கினார்கள். கடைத்தெருவே கூடிவிட்டது. "பாரை மீனுக்கு உசுரு வந்திருச்சு" என்று யாரோ சொன்னார்கள். வீட்டுக்கு வந்து காலைத் தேய்த்துவிட்டுக்கொண்டே அப்பா, "போதும், நாம ரெண்டு பேரும் ஹீட்டர்கிட்டயே இருப்போம்" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. குளிருக்காக இல்லை. நீ சொன்னது சரியாகிவிடுமோ என்ற பயம்தான்.

அடுத்த லொறி வருகிற நாளுக்குள் யோசித்தேன். காலைவிடப் பெரிய பூட்ஸ் ஒன்றை இரவல் வாங்கி, அடியில் பழைய கம்பளியை வெட்டிப் போட்டு, ஒரே ஒரு கம்பளிக் காலுறையோடு காலை விட்டேன். இரண்டு மூன்று காலுறையை அடைத்தால் இரத்தம் ஓடாது, அது இன்னும் மோசம். நானா மீன் பெட்டியின் தடித்த வெள்ளை மூடி ஒன்றைத் தந்து, "இது மேல கால வைங்க. மீனையே கெட்டுப்போகாம வைக்கிறது, உங்கள வைக்காதா?" என்றார். அன்றைக்கு நானா லொறியை முழுதாக இறக்கி, பங்கு பிரித்து, பாதி மீன் விற்கும் வரைக்கும் நான் உள்ளேயே உட்கார்ந்திருந்தேன். அப்பா கதவைத் திறந்து தேத்தண்ணி நீட்டினார். அங்கேயே உட்கார்ந்து குடித்தேன். தம்பி, எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? என் கலியாணத்தில்கூட நான் அப்படி உட்கார்ந்திருக்கவில்லை. உங்கள் ஊர்க் குளிர் நானாவின் லொறியைவிடப் பெரியது என்று தெரியும். அதனால் பூட்ஸையும் கையுறையையும் மட்டும் அங்கே வந்து வாங்குகிறேன், அதில் பிடிவாதம் இல்லை. நாலு விரலும் ஒன்றாக இருக்கிற கையுறையாகப் பார்த்துவை.

இனித்தான் அந்தக் கேள்வி. இந்தச் சந்தோஷத்தில் கோட்டையும் காற்சட்டையையும் போட்டுக்கொண்டு ஹானாவுக்கு வீடியோவில் கூப்பிட்டேன். நீ வேலையில் இருந்தாய். அவள் சிரித்தாள், கையைத் தட்டினாள், அவளுடைய அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவர் என்னை எழுந்து திரும்பச் சொல்லிப் பார்த்துவிட்டு, கட்டைவிரலை உயர்த்தினார். பிறகு ஹானா வேகமாக ஏதோ சொன்னாள். எனக்கு விளங்கவில்லை. தோட்டத்து ஆபீஸில் பியூனாக இருந்த அப்பாவுக்கு இங்கிலீஷ் விளங்கும். அவர் அவளை இன்னொரு தரம் சொல்லச் சொல்லிக் கேட்டார். அப்புறம் என்னிடம் சொன்னார், "ஏய், நம்ம பய ஐஸ் மேல கால வச்சதே இல்லையாம். ரெண்டு பனிக்காலமா கரையிலேயே நிக்கிறானாம். எங்க அம்மா அப்பாவுக்குக் குளிரு ஒத்துக்காது, அவங்கள உட்டுட்டு நான் மட்டும் எப்புடி வர்றதுன்னு இப்ப சொல்றானாம்."

கோபப்படவில்லை தம்பி, சத்தியமாக. முதலில் சிரித்தேன். ஹீட்டர் பக்கத்தில் எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் நீ உனக்கும் ஒரு இடம் போட்டுவைத்திருக்கிறாய். அப்புறம் எனக்கு நெஞ்சு இளகிவிட்டது. ஆற்றில் குளிக்கப் போனால் உன் வயசுச் சோட்டுப் பிள்ளைகள் எல்லாம் குதிக்கும்போது, நீ மட்டும் கரையில் நின்று வாளியில் மொண்டு ஊற்றிக்கொள்வாய். அந்தப் பிள்ளை அத்தனை பெரிய ஏரி மேல் நடக்கப் பயப்படுவதில் என்ன அதிசயம்? என்னிடம் சொல்வதற்கு என்ன? "அம்மா, எனக்குப் பயமா இருக்கு" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் ரொட்டி மாவை அந்தப் பாடுபடுத்தியிருக்கமாட்டேன். கேள்வி இதுதான்: ஏன்டா சொல்லவில்லை?

நீ கேட்காத விஷயங்களை நான் உன் மாமனாரிடம் கேட்டுவிட்டேன், அப்பாதான் மொழிபெயர்த்தார். அவர் ஐஸை இரும்புக் கம்பியால் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டே முன்னால் நடப்பாராம். சரியில்லை என்றால் அன்றைக்குப் போகவே மாட்டார்களாம், கலியாணமே ஆனாலும். அதோடு, தண்ணீரில் விழுந்தாலும் ஆளை மிதக்கவைக்கிற உடுப்பு ஒன்று இருக்கிறதாம். வெளியே தண்ணீர் புகாத துணி, உள்ளே மிதவை. அப்படி ஒன்றை முதல் பனிக்காலத்திலேயே உனக்கென்று வாங்கிவிட்டாராம், நீல நிறத்தில். போய் எடுத்துவந்து காட்டினார். கடைச் சீட்டுக்கூடக் கழற்றவில்லை. இரண்டு வருஷமாக அந்த மனிதர் ஒரு வார்த்தை சொல்லாமல், உன்னை வற்புறுத்தாமல், அதைப் பத்திரமாக வைத்துக்கொண்டு காத்திருக்கிறார். அவரை எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. பெண் கேட்டு நான் போயிருந்தால்கூட இதைவிட நல்ல வீடு பார்த்திருக்கமாட்டேன்.

ஆகவே கேள். அன்றைக்கு முதலில் பொரிக்கவேண்டியது நம் வீட்டு மீன். அதை நானும் அப்பாவும் மட்டும் பிடித்து, மாப்பிள்ளை கரையில் நின்றால் நன்றாகவா இருக்கும்? அப்பாவும் வருகிறார், தெரியுமா? நேற்றுத் தனியாக நுவரெலியாவுக்குப் போய், அதே கடையில் தனக்கும் ஒரு கோட்டு வாங்கிவந்துவிட்டார். தண்ணீர் ஊற்றிப் பார்த்தாராம். பயம் இருந்தால் பயத்தோடு வா, அதற்கு யாரும் ஒன்றும் சொல்லப்போவதில்லை. பருத்திப் பனியனோடு மட்டும் வராதே. கரையில் எங்கள் பக்கத்தில் வந்து அந்த நீல உடுப்பைப் போட்டுக்கொண்டு நில். கழுத்து வரைக்கும் ஜிப்பை நான் இழுத்துவிடுகிறேன்.

அம்மா